பெரும்பாக்கத்தில் ஒரு தையல் மையம்: சென்னையில் சமூகத் தொழில் தொடங்க முழுமையான வழிகாட்டி

ஒரு மஞ்சப்பை என்ன விலை இருக்கும் என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் பத்து ரூபாய் என்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் கோயம்பேடு சந்தைக்கு வந்தது. அந்தப் பத்து ரூபாய் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. துணி வாங்கி, வெட்டி, தைத்து, அச்சிட்டு, தைத்த பெண்ணுக்கு நியாயமான கூலியும் கொடுத்து அந்த விலைக்கு ஒரு பையைத் தர எங்களால் ஒருநாளும் முடிந்ததில்லை.

பெரும்பாக்கத்தில் எட்டுப் பெண்களோடு துணிப்பை தைக்கும் மையம் ஒன்றைத் தொடங்கி நடத்தியவள் நான். சமூகத்துக்குப் பயன்படும் தொழில் ஒன்றை நடத்த வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலானோரின் முதல் கேள்வி, அறக்கட்டளையா கம்பெனியா, எதைப் பதிவு செய்வது என்பதுதான். அது ஐந்தாவது படி. அதற்கு முன்னால் இருக்கும் நான்கு படிகளைத் தாண்டிக் குதித்தவர்களின் தையல் இயந்திரங்கள் பாதி விலைக்கு விற்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. தைப்பதற்கு ஆள் இருந்தார்கள், மனம் இருந்தது, பணம் எங்கிருந்து எந்தத் தேதியில் வரும் என்பதற்கு மட்டும் விடை இல்லை. இந்த வழிகாட்டி முழுவதிலும் அந்த ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

முதல் படி: இருபது வீட்டு வாசலில் உட்காருங்கள்

நான் பெரும்பாக்கத்துக்குப் போனது கணினிப் பயிற்சி மையம் தொடங்கும் எண்ணத்தோடு. நகரின் நடுவே ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களை எட்டு மாடிக் குடியிருப்புகளில் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. மூன்றாவது மாடி நடைபாதையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “மூன்றரை மணிக்குப் பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடும் அம்மா. காலையில் அதை அனுப்பிவிட்டுப் போய், அதற்குள் திரும்பி வருகிற மாதிரி வேலை இருந்தால் சொல்லுங்கள்.” முன்பு அவர் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். வீடு மாறியதும் அந்த வேலை போய்விட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு பிரச்சினை இல்லை. ஆனால் போகவர மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிந்தால் பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பது?

அன்றைக்கு என் கணினி மையம் முடிந்தது. நடந்து போகும் தூரத்தில், காலை ஒன்பதரை முதல் மூன்று மணி வரை செய்யக்கூடிய வேலை வேண்டும் என்பதுதான் தேவை. அந்த நேரத்துக்குள் அடங்குகிற தொழிலைத் தேடியபோதுதான் தையல் வந்தது.

நீங்களும் இப்படி இருபது வீடுகளுக்குப் போங்கள். வியாசர்பாடியோ காசிமேடோ கண்ணகி நகரோ, எந்த இடமானாலும் சரி. “இப்படி ஒரு மையம் வந்தால் வருவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள். போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? கடைசியாகக் கைமாற்று வாங்கியது எதற்காக? சீட்டு கட்டுகிறீர்களா, மாதம் எவ்வளவு?

கடனைப் பற்றி அவசியம் கேளுங்கள். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறை மட்டும் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாசலில் வந்து வசூலிக்கும் தண்டல் முறை வட சென்னையிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் சாதாரணம். அநியாய வட்டிக்கு எதிராக 2003-இலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவச் செலவு வரும் இரவில் கைகொடுப்பது தண்டல்காரர்தான். உங்கள் தொழில் மாதக் கடைசியில் மொத்தமாகச் சம்பளம் தருமானால், இந்தப் பெண்களால் அந்த முப்பது நாளைத் தாண்ட முடியாது. நாங்கள் சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்க முடிவெடுத்தது இந்த இருபது வீட்டுப் பேச்சினால்தான். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது பின்னால் வரும் கணக்கையெல்லாம் தீர்மானிக்கும்.

இரண்டாம் படி: பணம் தருபவர் யார்?

பயன்பெறுபவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர் என்பது சமூகத் தொழிலில் அடிக்கடி நடக்கும். இருவரும் யார் என்பதை ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் தொழில் இன்னும் உருவாகவில்லை என்று பொருள்.

நம் மாநிலத்திலேயே மூன்று நல்ல பாடங்கள் இருக்கின்றன. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் பணம்தான் செலுத்த முடியாதவர்களின் அறுவை சிகிச்சையைத் தாங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை கட்டுப்படியாகாமல் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் தான் உருவாக்கிய நாப்கின் இயந்திரத்தைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடாமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். இயந்திரம் வாங்கிய குழுவே அந்த ஊரின் உற்பத்தியாளராகவும் விற்பனையாளராகவும் ஆனது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மூன்றாவது நம் சென்னை: 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், பூ விற்பவர், காய் விற்பவர் போன்ற பெண்களை வங்கிக் கடனோடு இணைத்தது. 1981-இல் அந்தப் பெண்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கம் உருவானது. முதலாவதில் வசதியுள்ள நோயாளி பணம் தருகிறார், இரண்டாவதில் பக்கத்து வீட்டுப் பெண் தருகிறார், மூன்றாவதில் கடன் வாங்கியவரே வட்டியோடு திருப்பித் தருகிறார்.

நீங்கள் நுழையும் துறையில் அரசு ஏற்கெனவே என்ன விலைக்குத் தருகிறது என்பதையும் பாருங்கள். ஏழைகளுக்கு மலிவு விலைச் சிற்றுண்டிக் கடை வைக்கலாம் என்று ஒரு தம்பி வந்தார். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதற்குக் கீழே யாரால் போக முடியும்? ஆனால் தனியே வாழும் முதியவர்களுக்கு உப்பு குறைத்துச் சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் தருவார்கள். சமைப்பது அதே பெண்கள்தான், பணம் தருபவர்தான் மாறிவிட்டார்.

எங்கள் விஷயத்தில், தெருவில் பை வாங்குபவர் பத்து ரூபாய்க்கு மேல் தரமாட்டார் என்று புரிந்தது. கல்யாண வீட்டார் தருவார்கள். தாம்பூலப் பை தரமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கௌரவம். அலுவலகங்கள் தரும். புத்தகம் விற்பவர்கள் தருவார்கள். தெருவை விட்டுவிட்டு அவர்களிடம் போனோம்.

மூன்றாம் படி: பதிவுக்கு முன் முப்பது நாள்

இரண்டு பழைய இயந்திரங்கள், ஒரு வாடகை அறை, நான்கு பெண்கள். ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவில் ஐம்பது மீட்டர் காடாத் துணி. இவ்வளவுதான் எங்கள் ஆரம்பம். முப்பது நாளில் முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் முழு விலைக்கு விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தோம். உறவினரும் நண்பரும் வாங்குவதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர்கள் உங்களுக்காக வாங்குகிறார்கள், பைக்காக அல்ல.

முதல் ஐம்பது பையில் பதினொன்று திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறை: கைப்பிடி வேரோடு பிய்ந்திருந்தது. இரண்டு தேங்காயும் வெற்றிலை பாக்கும் ஒரு பாத்திரமும் வைத்தால் எடை எங்கே இறங்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எங்களில் மூத்த தையல்காரர், கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓட்டிக் காட்டினார். ஒரு பைக்கு இருபது விநாடி கூடுதலாகிறது. மறுநாள் மூன்று கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் மாட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டோம். காலையில் பை அப்படியே இருந்தது. அந்த அரிசிப் பை சோதனை இன்றும் ஒவ்வொரு புதிய துணிக்கும் நடக்கிறது.

நான்காம் படி: அடக்க விலை

இதில் அவசரப்படாதீர்கள். சமூகத் தொழில்கள் பெரும்பாலும் இங்கேதான் சாய்கின்றன, அதுவும் நல்ல மனத்தால். தங்கள் உழைப்பையும் இடத்தையும் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிவிடுகிறார்கள்.

கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக. உங்கள் பொருளுக்கும் உங்கள் காலத்து விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பைக்குத் துணி 13 ரூபாய், நூலும் நாடாவும் 1.50, வெட்டுக்கூலி 1, தையல் கூலி 5, அச்சு 3, சேதாரம் 0.50, வண்டி வாடகை 1. மொத்தம் 25 ரூபாய். அனுபவமில்லாதவர் துணி, நூல், தையல் மூன்றை மட்டும் கூட்டி 19.50 என்று கணக்கிட்டு, 22 ரூபாய்க்கு விற்றால் லாபம் என்பார். அவர் ஒவ்வொரு பைக்கும் 3 ரூபாயை இழக்கிறார். அதுவும் வாடகையைத் தொடும் முன்பே.

இனி மாதச் செலவு. வாடகை 7,500, மின்சாரமும் இணையமும் 2,000, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 12,000, பழுதுபார்ப்பு 1,000. ஆக 22,500 ரூபாய். ஒரு பையை 34 ரூபாய்க்கு விற்றால் 25 போக 9 மிஞ்சும். 22,500-ஐ 9-ஆல் வகுத்தால் 2,500. மாதம் 2,500 பை விற்றால் நட்டமில்லை. 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 100 பை. இதையே 30 ரூபாய்க்குக் கொடுத்தால் 5 ரூபாய்தான் மிஞ்சும், 4,500 பை விற்றாக வேண்டும். நான்கு ரூபாய் தள்ளுபடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலையாக மாறுகிறது. “நல்ல காரியம்தானே, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்” என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, நாளுக்கு நூறு பை வந்துவிட்டது. சமூகத்துக்கு என்ன கிடைத்தது? ஒரு பெண் நாளுக்கு 60 பை தைக்கிறார் என்றால், நூறு பை இரண்டு பேருக்குக்கூட முழு வேலை தராது. அந்த 60 பைக்கு 5 ரூபாய் வீதம் 300 ரூபாய், மாதம் 7,500. போதாது. எட்டுப் பேருக்கும் முழு வேலை வேண்டுமானால் மாதம் 12,000 பை விற்க வேண்டும். அந்த அளவு வந்தால் தையல் கூலியை 5-லிருந்து 8 ரூபாயாக உயர்த்தினாலும் தாங்கும்: ஒரு பைக்கு 6 ரூபாய் மிஞ்சி, 72,000-இல் மேலே சொன்ன மாதச் செலவு 22,500 போக மாதம் 49,500 கையில் நிற்கும். ஒவ்வொரு பெண்ணும் மாதம் 12,000 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இப்போது ‘எந்தத் தேதியில்’ என்ற கேள்விக்கு வருவோம். 12,000 பை தயாரிக்க மாதம் 3,58,500 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. வாங்கியவர் 45 நாள் கழித்துப் பணம் தந்தால், ஒன்றரை மாதச் செலவான சுமார் 5,38,000 ரூபாய் நம்மிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். மாதம் 49,500 உபரி காட்டும் தொழில், இந்த ஐந்தரை லட்சம் இல்லாமல் இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிடும். ஏட்டில் லாபம் இருக்கும், சனிக்கிழமை கூலிக்குக் காசு இருக்காது. ஆர்டர் பெரிதாகும்போது மகிழ்ச்சியோடு பயமும் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: பதிவு

இப்போது உங்களிடம் ஒரு பொருள், பணம் தருபவர், அடக்க விலை மூன்றும் இருக்கின்றன. எந்த வடிவம் பொருந்தும் என்பது தானாகத் தெரியும்.

பெண்கள் குழுவாகத் தொடங்குவது என்றால் மகளிர் சுயஉதவிக் குழுதான் எளிது. 12 முதல் 20 பேர், ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு தீர்மானப் புத்தகம். தமிழ்நாட்டில் இந்த இயக்கம் 1989-இல் தருமபுரியில் தொடங்கி வேரூன்றியது. 1983-இல் அமைந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களுக்குப் பயிற்சியும் வங்கி இணைப்பும் தருகிறது. குழுக்களின் பொருள்கள் ‘மதி’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

நன்கொடை வாங்குவதுதான் முக்கிய வழி என்றால் அறக்கட்டளை, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கம் (குறைந்தது ஏழு பேர்), அல்லது கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நிறுவனம். இவற்றில் உபரியை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தர வருமான வரித் துறையில் தனிப் பதிவு (80ஜி என்று அறியப்படுவது) தேவை. இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்ற நோக்கங்களில் வராமல் ‘பொது நலன்’ என்ற பொதுவான நோக்கத்தில் இருக்கும் அறக்கட்டளையின் வணிக வருமானம், மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கு போய்விடும். பொருள் விற்றுப் பிழைக்கப்போகும் அமைப்பை அறக்கட்டளையாகப் பதிவு செய்யும் முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

முதலீட்டாளர் பணம் வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட். உழவர், மீனவர், கைவினைஞர் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம். இதில் உழைப்பவர்களே உரிமையாளர்கள் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது.

எந்த வடிவமானாலும், குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை உடனே செய்யுங்கள். அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். ‘செய்து தருகிறோம்’ என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அடுத்து மாநகராட்சியின் தொழில் உரிமம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். ஆனால் அலுவலகங்கள் ஜிஎஸ்டி பில் கேட்கும் என்பதால் நாங்கள் முன்பே எடுத்துக்கொண்டோம். பத்துப் பேர் வேலைக்கு வந்துவிட்டால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வருகிறது. அதைச் சுமையாக நினைக்காதீர்கள். எங்கள் பெண்கள் இரவில் தண்டல்காரரைத் தேடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவச் செலவுதான்.

ஆறாம் படி: முதலீடு

வரிசை முக்கியம். முதலில் வாடிக்கையாளரின் முன்பணம், பிறகு குழுச் சேமிப்பு, பிறகு வங்கி, கடைசியில் மானியமும் நன்கொடையும். இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போட்டிகளிலும் விண்ணப்பங்களிலும் ஓராண்டு ஓடிவிடுகிறது, ஒரு பைகூட விற்றிருக்காது.

ஆர்டர் கொடுக்கும்போது பாதிப் பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். துணி விலையாவது முன்பே வந்துவிட வேண்டும். கல்யாண வீட்டார் தயங்காமல் தருவார்கள், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அப்படித்தானே தருகிறார்கள்.

சுயஉதவிக் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பிணையம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தனிநபருக்கு, மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று அடுக்குகள் உள்ளன. மாநில அரசின் திட்டங்களில் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கானது சிறிய தொழில்களுக்கு ஏற்றது. சற்றுப் பெரிய தொழிலுக்குப் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம், முதலீட்டில் 25 சதவீதம் மானியம் தருகிறது. பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம். தகுதி இருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் விண்ணப்பத்துக்குக் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மாவட்டத் தொழில் அலுவலகம். பயிற்சிக்கு ஏக்காட்டுத்தாங்கலில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம். ஒன்றை மனத்தில் வையுங்கள்: மானியம் பெரும்பாலும் கையில் வரும் காசல்ல, வங்கிக் கடன் கணக்கில் பின்னால் கழிக்கப்படும் தொகை. அதை நம்பித் துணி வாங்க முடியாது.

புதுமையான தொழில்நுட்பமோ கண்டுபிடிப்போ இருந்தால் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பும், தரமணி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள தொழில் வளர்ப்பகமும், 2001 முதல் சமூகத் தொழில்களை வளர்த்துவரும் சென்னையின் வில்க்ரோவும் உங்களுக்கானவை.

பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அதைச் செயல்படுத்தும் வெளி அமைப்பு பொதுவாக அறக்கட்டளை, சங்கம் அல்லது 8-ஆம் பிரிவு நிறுவனமாக இருந்து, மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் சிஎஸ்ஆர்-1 பதிவும் பெற்றிருக்க வேண்டும். எனவே புதியவர்களுக்கு அந்தக் கதவு உடனே திறக்காது. ஆனால் அதே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு இன்றே உங்களிடம் பை வாங்கலாம். நன்கொடைப் பிரிவின் வாசலில் காத்திருப்பதைவிட அந்த வாசலில் நிற்பது நல்லது. வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் நன்கொடைகூட வாங்காதீர்கள். தெரிந்தவர் சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறார் என்றாலும்தான்.

ஏழாம் படி: தமிழ் மாதங்களை வைத்து விற்பனை

சென்னையில் விற்பனைக்கு நாள்காட்டி தெரிந்திருக்க வேண்டும். தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசியில் தாம்பூலப் பைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. முதல் ஆண்டு ஆடியில் ஒரு மாதம் முழுவதும் இயந்திரங்களுக்கு வேலை இல்லை. அதன்பிறகு இடைவெளிகளை நிரப்பக் கற்றுக்கொண்டோம். நவராத்திரி கொலுவுக்குச் சின்னச் சுருக்குப் பை, தீபாவளிக்கு அலுவலகப் பரிசுப் பை, மார்கழி கச்சேரிக் காலத்துக்கும் ஜனவரி புத்தகக் காட்சிக்கும் தோள்பை. ஆடியில் கொலுப் பைகளைத் தைத்து அடுக்கினோம்.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் வையுங்கள். அச்சு காய இரண்டு மடங்கு நேரமாகும். துணிக் கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். தரைத் தளத்தில் மையம் என்றால் இடுப்பு உயரத்தில் பலகை அடியுங்கள்.

அரசுக் கொள்முதலுக்கு ஜெம் இணையச் சந்தையில் பதிவு செய்யலாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியலின, பழங்குடியின உரிமையாளர்களுக்கும் 3 சதவீதம் பெண் உரிமையாளர்களுக்கும் உண்டு.

எட்டாம் படி: நிலுவையை வசூலித்தல்

ஒருமுறை ஒரு பெரிய நிறுவனம் 9,000 பை கேட்டது. மகிழ்ச்சியில் முன்பணம் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். சரியான தேதியில் கொடுத்தோம். பணம் வர ஐந்து மாதம் ஆனது. கணக்குப் பிரிவில் ஒருவர் மாறிவிட்டார், பில் எண் பொருந்தவில்லை, மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். மூன்றாவது வாரம் கூலிக்காக என் வளையல்களை அடகு வைத்தேன். ஆறாவது வாரம், எனக்குத் தெரியாமலேயே, இரண்டு பெண்கள் மீண்டும் தண்டல் வாங்கியிருந்தார்கள். எதிலிருந்து அவர்களை மீட்க வேண்டும் என்று தொடங்கினோமோ, அதற்குள்ளேயே எங்கள் ஆர்டர் அவர்களைத் தள்ளிவிட்டது. அந்தக் குற்ற உணர்வு இன்னும் எனக்கு உண்டு.

அப்போது எனக்குத் தெரியாதது இது: குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இந்தப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கக் குழுக்கள் தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் உள்ளன. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். பொருள் கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும் என்பதால்தான் அதை உடனே செய்யச் சொன்னேன். இப்போது எங்கள் பில்லின் கீழே உத்யம் எண்ணும் 45 நாள் விதியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. புகார் வரை போக வேண்டிய தேவை பிறகு வரவில்லை. எந்த ஒரு வாடிக்கையாளரும் எங்கள் மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியையும் குழுவே வகுத்தது.

ஒன்பதாம் படி: கணக்கைச் சுவரில் எழுதுங்கள்

சமூகத் தொழில் என்ற பெயருக்கு நாம் தகுதியானவர்களா என்பது சனிக்கிழமை மாலையில் தெரியும். எங்கள் மையத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அந்த வாரம் தைத்த பை, திரும்பி வந்த பை, வர வேண்டிய பணம், கையிருப்பு நான்கையும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுவோம். கூலி கொடுத்த பிறகு அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆரம்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. ‘வர வேண்டிய பணம்’ என்ற வரி ஐந்து வாரமாக மாறாமல் நின்றபோதுதான், வெட்டும் வேலை செய்பவர் எழுந்து, இனி முன்பணம் இல்லாமல் துணியைத் தொடமாட்டேன் என்றார். அன்றைக்கு அது எங்கள் விதியானது.

உபரியைப் பங்கிடும் விகிதத்தை லாபம் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம் வரும். நாங்கள் பாதியைக் கையிருப்பு நிதிக்கும், மூன்றில் ஒரு பங்கைத் தைத்த பையின் எண்ணிக்கைப்படி போனஸாகவும், மீதியை அவசரக் கடனுக்கும் ஒதுக்கினோம். அவசரக் கடனுக்கு வட்டி மாதம் ஒரு சதவீதம். தண்டலோடு போட்டியிட இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

மாற்றத்தை அளக்கப் பெரிய ஆய்வுகள் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை மூன்று கேள்விகள்: எத்தனை வாரம் தடையின்றிக் கூலி கிடைத்தது, எத்தனை பேருக்குத் தண்டல் கடன் இல்லை, இங்கே கற்றுக்கொண்டு வேறு நல்ல வேலைக்குப் போனவர் எத்தனை பேர். மூன்றாவதை இழப்பாக நினைக்காதீர்கள். எங்களிடமிருந்து ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பெண், தன் தங்கையை எங்களிடம் சேர்த்துவிட்டுப் போனார்.

பத்தாம் படி: கையெழுத்தை மாற்றிக் கொடுத்தல்

தொடங்கியவரே கடைசி வரை காசோலையில் கையெழுத்திட்டால், அது அவருடைய தொழிலாகவே இருக்கும். மூன்றாவது ஆண்டுக்குள் விலை பேசுவதையும், துணி வாங்கப் போவதையும், கடைசியாக வங்கிக் கணக்கையும் குழுவிடம் ஒப்படைக்கத் திட்டமிடுங்கள். கோடவுன் தெருவுக்கு முதலில் நீங்களும் இன்னொருவரும் போங்கள், பிறகு அவர் முன்னால் நின்று பேரம் பேசட்டும், மூன்றாம் முறை நீங்கள் போகாதீர்கள்.

வங்கிக்குக் குழுவின் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் வேண்டும். இரண்டு மூன்று முறை கிளைக்குப் போய்வர நேரும். ஆர்டர் குறைந்த மாதத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சில நாள் முடங்கினாலும் சனிக்கிழமை கூலி நிற்காது. நாங்கள் ஓர் ஆடியில் மாற்றினோம். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்த அக்காவும், கைப்பிடியில் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய மூத்த தையல்காரரும் இப்போது காசோலையில் கையெழுத்திடுகிறார்கள்.